கேட்டால் மட்டும் ஒத்தாசை

வாய்க்குள் ஒரு பிடி சின்ன ஆணிகள். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ளுகிறது. காந்தம் வைத்த சுத்தியல் உதட்டருகே போய் ஆணியைக் கவ்விக்கொண்டு வந்து மரச்சட்டத்தில் ஒரு தட்டு தட்டுகிறது. அதற்குள் இடது கை அடுத்த கொசுவத்தை மடித்துப் பிடித்தாயிற்று. வெள்ளை கிரேப் துணி. ஒரு மடிப்பின் மேல் அடுத்தது பாதி ஏறி உட்கார வேண்டும். கண்கள் கையைப் பார்ப்பதில்லை, ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயிலைப் பார்க்கின்றன. வாயில் ஆணி இருப்பதால் பேச்சில்லை. மூக்கால் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டு மட்டும்.

வெர்லின் மோப்லியின் கைகள் அவை. மேக்கன் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சவப்பெட்டித் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில், பக்கத்து மேசையிலிருந்து எட்டு வருடம் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். கீழே தச்சர்கள், நடுவில் வண்ணம் பூசுகிறவர்கள், மேலே நாங்கள். பெட்டிக்குள் விரிக்கும் மெத்தை, தலையணை, மூடியின் உட்புறம் சுருக்கி அடிக்கும் துணி எல்லாம் மேல் மாடி வேலை. ஜூலையில் கூரைத் தகரம் கொதிக்கும். பஞ்சு பறந்து பறந்து சாயங்காலம் எல்லோர் தலையும் நரைத்துப் போகும். என் சின்ன மகன் வாசலில் நின்றுகொண்டு, "அம்மா இன்னிக்கும் கிழவியா வந்துட்டா" என்று தெருவுக்கே அறிவிப்பான். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஆனாலும் புதுத் துணியில் இஸ்திரிப்பெட்டியின் ஆவி படும் வாசனை எங்காவது வந்தால் நான் அந்த மாடிக்கே போய்விடுகிறேன். தீப்பிடித்தால் இறங்க வைத்திருந்த வெளிப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து மத்தி மீன் டப்பாவும் பிஸ்கட்டும் சாப்பிட்டதும், சிவப்புச் சோடா ஒரு பாட்டிலை நான்கு பேர் சுற்றிச் சுற்றிக் குடித்ததும் நினைவுக்கு வந்து நிற்கின்றன.

மாடியில் இரண்டு வகைப் பெயர்கள் இருந்தன. மெத்தைக்காரி, ஒத்தாசைக்காரி. மெத்தைக்காரிகள் எல்லோரும் வெள்ளைப் பெண்கள். ஒத்தாசைக்காரிகள் எல்லோரும் நாங்கள். வேலையில் நிறம் பார்க்கக் கூடாதென்று வாஷிங்டனில் சட்டம் வந்து, தண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்கிய 'கறுப்பர்' என்ற பலகையைக் கழற்றியபோது, அதுவரை தரை பெருக்கிக்கொண்டிருந்த எங்களை மேலே ஏற்றினார்கள். ஏற்றிய அன்றைக்குத்தான் ஒத்தாசைக்காரி என்ற பெயரும் பிறந்தது. அதற்கு முன் அப்படி ஒரு வேலை அங்கே இருந்ததில்லை.

வெர்லின் ஒத்தாசை செய்தது மிஸ் டோரீன் டிட்வெல்லுக்கு. கல்யாணமானவளோ இல்லையோ, வெள்ளைக்காரியை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும்; எங்களை அவர்கள் வெறும் பெயரால் கூப்பிடுவார்கள், மிஸ்ஸும் கிடையாது, மிசஸும் கிடையாது. மிஸ் டோரீன் ஒரு காலத்தில் நல்ல வேலைக்காரி. பிறகு வாதம் வந்து அவள் விரல்களை முறுக்கிவிட்டது. நான்கு வருடமாக அவள் துணியை நகர்த்திக் கொடுக்க, வெர்லின்தான் தைத்தாள், சுருக்கினாள், ஆணி அடித்தாள். பெரும்பாலும் கீழ் மாடிகளிலேயே இருக்கும் மேற்பார்வையாளர் மிஸ்டர் ஹாஸ்க்யூ மேலே தன் கண்ணாடி அறைக்குப் படியேறும் சத்தம் கேட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இது மாடி முழுக்கத் தெரியும். மிஸ் டோரீன் புருஷனைப் பறிகொடுத்தவள், வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை, வெர்லினும்தான்.

அது எழுபத்து நான்காம் வருடம். வெர்லினின் தம்பி ரோஸ்கோ கீழே பொட்டலம் கட்டும் பகுதியில் சேர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. தயாரான பெட்டிகளை மரக்கூண்டுக்குள் வைத்து ஆணி அடிக்கும் வேலை. தங்குவதும் சாப்பிடுவதும் அக்கா வீட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பீன்ஸ், சோளரொட்டி, பன்றிக் கழுத்தெலும்பு.

ரோஸ்கோ வாயில் ரொட்டியோடு அலுத்துக்கொண்டான். "மணிக்கு ரெண்டு டாலர் அறுபது சென்ட். புதுசா வந்தவன்னா என்ன வேணா ஏமாத்தலாம்னு நினைக்கிறானுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் வயதும் கேட்கமாட்டோம், சம்பளமும் கேட்கமாட்டோம். அது மரியாதை என்று நினைத்திருந்தோம். அந்த மரியாதை யாருக்கு வசதியாக இருந்தது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"ரெண்டு அறுபது. ஏங்க்கா, உனக்கு எவ்வளவு?"

"அந்தப் பீன்ஸை இப்படித் தள்ளு."

"எவ்வளவுக்கா?"

"ரெண்டு பதினஞ்சு" என்றேன் நான். எனக்கும் அதேதான். மாடியில் ஒத்தாசைக்காரிகள் ஏழு பேருக்கும் அதேதான் என்பது அன்றைக்குத்தான் உரக்கச் சொல்லப்பட்டது.

ரோஸ்கோ மெல்லுவதை நிறுத்தினான். "பதினோரு வருஷமாவா?"

"ஆமா. போன மாசம் உன் பூட்ஸும் அதுலதான் வந்துது."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"இனிமே கறி நீ வாங்கு" என்றாள் வெர்லின்.

சிரித்தோம். ஆனால் அவள் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, மணி அடித்து எல்லோரும் மேசைக்குப் போன பிறகு, அவள் நேரே மிஸ்டர் ஹாஸ்க்யூவின் கண்ணாடி அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சார், என் தம்பிக்கு ரெண்டு அறுபது. எனக்கு ரெண்டு பதினஞ்சு."

"ரோஸ்கோ ஆம்பளை, வெர்லின். நாளைக்குக் குடும்பத்தைக் காப்பாத்த வேண்டியவன்."

"அவனைக் காப்பாத்துறதே நான்தான் சார்."

மிஸ்டர் ஹாஸ்க்யூ கெட்ட மனிதர் இல்லை. கெட்டதைச் செய்யும்போதும் பொறுமையாக விளக்கம் சொல்லுவார். "அது வேற பகுதி, வேற வேலை. ரெண்டையும் ஒப்பிடக் கூடாது."

"சரி, அதை விடுங்க. அதே மேசையில மிஸ் டோரீனுக்கு மூணு பத்து."

"அவங்க மெத்தைக்காரி. நீ ஒத்தாசை."

"என்னையும் மெத்தைக்காரி ஆக்குங்க. எங்க ஏழு பேரையும்."

"அது என் கையில இல்லம்மா. உன் வேலை ஒத்தாசை வேலை."

"ஒத்தாசைன்னா என்ன சார்?"

"மெத்தைக்காரி கேட்டா, கேட்டதைச் செய்யறது. அவ்வளவுதான்."

"கேட்டா?"

"கேட்டா."

"ரொம்ப நன்றி சார். பதினோரு வருஷத்துல இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல."

அவள் திரும்பி வந்து மிஸ் டோரீன் பக்கத்தில் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டுக்குக் காத்திருப்பவளைப் போல. மிஸ் டோரீன் அவளைப் பார்த்தாள். மேசையில் ஒரு மூடி திறந்து கிடந்தது.

"என்ன வெர்லின்?"

"ஒத்தாசை ஏதாச்சும் வேணுமா மிஸ் டோரீன்?"

மத்தியானம் படிக்கட்டில் மத்தி மீன் டப்பாவைத் திறந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். வேலையை நிறுத்த வேண்டாம். கேட்டதைச் செய்வோம், கேட்காததைச் செய்யமாட்டோம். எங்களுக்குச் சம்பளம் தருவது எதற்கோ அதை மட்டும் குறைவில்லாமல் கொடுப்போம்.

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?" என்றாள் கடைசி மேசை எர்லா.

"என்ன சொல்லித் தூக்குவாரு? ஒத்தாசை பண்ணாங்கன்னா?"

"எனக்கு மூணு புள்ளைங்க வெர்லின்."

"தெரியும்டி. அதுல ஒண்ணுக்கு நான்தானே ஞானத்தாய். அந்த மூணு பத்து இருந்தா அதுங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ஜோடி செருப்பு வரும். மெத்தைக்காரிங்கிற பேர் இல்லாம அந்தக் காசு வராது. பேரை வாங்கிடணும்."

அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பஞ்சுப் பொதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கேட்கும் வரை எடுக்கமாட்டோம். "பஞ்சு குடு" என்றால் ஒரு பிடி பஞ்சு கொடுப்போம். "இன்னும்" என்றால் இன்னொரு பிடி. என் மேசையின் வெள்ளைக்காரி, "ஏன் மரம் மாதிரி நிக்கிறே?" என்று கத்தினாள். "மரமா நிக்கச் சொன்னா அதையும் செய்யறேன் மிஸ், நீங்க கேக்கணும்" என்றேன். அவ்வளவு வாய் எனக்கு எங்கிருந்து வந்ததோ. புதன்கிழமைக்குள் கீழே தச்சர்கள் வெறும் பெட்டிகளை அடுக்க இடமில்லாமல் படிக்கட்டில் நிறுத்தினார்கள். ரோஸ்கோவுக்குக் கூண்டு கட்ட எதுவுமில்லை. அவன் சும்மா உட்கார்ந்தபடியே ரெண்டு அறுபது வாங்கினான். அதை அக்காவிடம் சொல்லித் திட்டும் வாங்கினான்.

மிஸ் டோரீன் விஷயம் மட்டும் சிரிப்பாக இல்லை. மற்ற மெத்தைக்காரிகள் மெதுவாகவாவது தாங்களே தைத்தார்கள். அவளால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது என் காதில் விழுந்தது. "என் கையைப் பாரு வெர்லின். என்னைக் காட்டிக்கொடுக்கப் போறியா?"

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல மிஸ்."

"நாலு வருஷம் ஒண்ணா இருந்தோமே."

"ஒண்ணாத்தான் இருந்தோம். சம்பளம் மட்டும் ஒண்ணா இல்ல."

அன்று வெர்லின் படிக்கட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

வியாழக்கிழமை காலை மதர் பிங்க்ஸ்டன் இறந்துபோன செய்தி வந்தது. எங்கள் சபையின் மூத்த பெண்மணி, அதனால் எல்லோருக்கும் 'மதர்'. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து நடுங்கிக்கொண்டே ஏறி வந்த எங்கள் ஒவ்வொருவரையும் துண்டால் போர்த்தி அணைத்தவள். வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியும் இல்லாமல் அவளை ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்த்ததில்லை. வெள்ளைப் பெட்டி, உள்ளே வெள்ளை கிரேப், மூடியின் உட்புறம் உதய சூரியன்: நடுவில் ஒரு புள்ளியிலிருந்து கொசுவங்கள் கதிர்களாக விரிந்து ஓரம் வரை போக வேண்டும். உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை உடலைப் பார்வைக்கு வைப்பது. அதற்குள் பெட்டி வேண்டும். அந்த மாடியில் உதய சூரியனைக் கோணாமல் இறக்குகிறவள் வெர்லின் ஒருத்திதான்.

மிஸ்டர் ஹாஸ்க்யூ குரலை இறக்கிக்கொண்டு வந்தார். "இது உங்க ஆளுங்க பெட்டி வெர்லின். இதை முடிச்சுக் குடு. மத்ததைத் திங்கட்கிழமை பேசுவோம்."

"மிஸ் டோரீன் கேக்கட்டும் சார்" என்றாள் வெர்லின். முழுசாகச் செய்யச் சொல்லிக் கேட்டால் தன் கை விஷயம் வெளியே வந்துவிடும் என்று மிஸ் டோரீன் நூல் டப்பாவையே குடைந்துகொண்டிருந்தாள்.

கழிவறையில் நாங்கள் ஆறு பேரும் அவளைச் சுற்றி நின்றோம். எல்லோருக்கும் அழுகை.

"மத்த பெட்டி எல்லாம் கிடக்கட்டும்" என்றாள் எர்லா. "மதரை வெறும் பலகையிலயா படுக்க வைப்பே? என் கல்யாணத்துக்கு கேக் செஞ்ச கைடி அது."

"எனக்கும்தான் செஞ்சாங்க."

"அப்புறம் என்ன கல்நெஞ்சம்?"

வெர்லின் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். "மதர் நாப்பது வருஷம் அந்த வக்கீல் வீட்டுல என்னவா இருந்தாங்க?"

எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் வெள்ளைக்கார வீடுகளில் வேலைக்காரி என்று வாயால் சொல்லமாட்டார்கள். 'எங்க வீட்டு ஒத்தாசை' என்பார்கள். சமைத்து, துவைத்து, நான்கு பிள்ளைகளை வளர்த்துவிட்டு, பின்வாசல் வழியாக மீந்த ரொட்டியோடு வீட்டுக்கு வருகிறவளுக்கு அதுதான் பெயர்.

"அந்தப் பேரோட வாழ்ந்தாங்க. அந்தப் பேரால தைச்ச துணிக்குக் கீழ அவங்களைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றாள் வெர்லின். "தைச்சா மெத்தைக்காரியாத் தைப்பேன். இல்லன்னா நாளைக்கு என் சபைக்கு முன்னால நான் தலைகுனிஞ்சு நிக்கறேன். நீங்க யாரும் நிக்க வேணாம்."

மூக்கைச் சிந்திவிட்டு எர்லாதான் முதலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள், போய்த் தன் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மிஸ்டர் லூஷியஸ் பேட்டில் வந்துவிட்டார். எங்கள் மக்களை அடக்கம் செய்யும் நிலையம் அவருடையது. சாம்பல் கையுறை, சுண்டுவிரலில் மோதிரம், யார் செத்தாலும் குலையாத தலைமுடி. அன்று அது கலைந்திருந்தது. மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து, மேசைமேல் துணி இல்லாமல் கிடந்த மூடியைப் பார்த்தார்.

"வெர்லின், உனக்கு என்ன பைத்தியமா? மதர் அங்க குளிர் அறையில காத்துக்கிட்டு இருக்காங்க!"

"மதர் ஆயுசு முழுக்கக் காத்துக்கிட்டு இருந்தவங்க மிஸ்டர் பேட்டில். மத்தியானம் வரைக்கும் இருக்க மாட்டாங்களா?"

"அவங்க இருப்பாங்க. அவங்க மக இருப்பாளா? என்னை உரிச்சிடுவா!"

"அப்ப அவரைக் கேளுங்க" என்று கண்ணாடி அறையைக் காட்டினாள். "இந்த மூடியை யார் செய்யப்போறாங்கன்னு கேளுங்க."

மிஸ்டர் பேட்டில் அறைக்குள் போனார். அவர் துணிச்சல்காரர் இல்லை. வெள்ளைக்காரர் எதிரே தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நிற்கிறவர். ஆனால் மதர் பிங்க்ஸ்டனின் மகளுக்கு அவர் அதைவிட அதிகமாகப் பயந்தார். "நான் உங்ககிட்ட வருஷத்துக்கு எத்தனை பெட்டி வாங்கறேன்னு உங்களுக்குத் தெரியும் சார். சவானாவுலயும் அகஸ்டாவுலயும் எங்க தொழில்காரங்க இருக்காங்க, நாங்க பேசிக்குவோம். அட்லாண்டாவுலயும் பெட்டி செய்யறாங்க. இன்னிக்கு எனக்குப் பெட்டி வரலன்னா நான் அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

மிஸ்டர் ஹாஸ்க்யூ வெளியே வந்தார். காது சிவந்திருந்தது. "டோரீன், இவகிட்ட மூடியைச் செய்யச் சொல்லிக் கேளு. முழுசா. கேட்டா செய்வாளாமே."

மிஸ் டோரீன் வாயைத் திறந்தாள். மூடியைப் பார்த்தாள், வெர்லினைப் பார்த்தாள். "முழுசாச் செய்னு கேட்டா அது ஒத்தாசை இல்ல மிஸ்டர் ஹாஸ்க்யூ" என்றாள். பிறகு கைகளை மேசைமேல் வைத்தாள், எல்லோரும் பார்க்கும்படி. மிஸ்டர் ஹாஸ்க்யூ குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். "திங்கட்கிழமையிலிருந்து வெர்லின் மெத்தைக்காரி."

"இன்னிலேர்ந்து சார். திங்கட்கிழமைன்னா இந்தப் பெட்டி ஒத்தாசைக்காரி செஞ்சதாயிடும்."

"இன்னியிலேர்ந்து."

"மத்த ஆறு பேர்?"

"ஒரே நாள்ல என் கழுத்தை அறுக்காதே வெர்லின்!"

மற்ற ஆறு பேருக்கும் அந்தப் பெயர் அப்போது வரவில்லை. வக்கீல் வைத்து, மனுப் போட்டு, இரண்டு பேர் அலுத்துப்போய் வேலையை விட்டு, அடுத்த வருடக் கோடையில்தான் வந்தது. பழைய வருடங்களுக்கான பணம் கடைசிவரை வரவில்லை. மிஸ் டோரீனைத் தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் மேசைக்கு மாற்றினார்கள், அதே மூணு பத்து சம்பளத்தில். அதைச் சொல்லி நாங்கள் பல நாள் பல்லைக் கடித்தோம், ஆனால் அவளிடம் யாரும் காட்டவில்லை. இன்றைக்கு என் பேத்தி ஒரு வங்கியில் பக்கத்து நாற்காலிக்காரனை விடக் குறைவாக வாங்குகிறாள். ஆனால் எவ்வளவு குறைவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்குகிறாள்.

அன்று மத்தியானம் மாடியில் யாரும் சாப்பிடப் போகவில்லை. வெர்லின் துணியை உதறி விரித்தாள். மூடிக்குள் பதிக்கும் அட்டையின் நடுவே புள்ளி வைத்தாள்.

"மிஸ் டோரீன்" என்றாள். "கொஞ்சம் ஒத்தாசை பண்றீங்களா?"

மிஸ் டோரீன் முறைத்தாள். பிறகு இஸ்திரிப்பெட்டியை இழுத்துக்கொண்டாள். "ஆவி காட்டறேன், நீ இழு" என்றாள். ஒரு கதிர், இன்னொரு கதிர். "இடது பக்கம் தொய்யுது" என்று அவள் சொல்ல, வெர்லின் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தாள். நான்கு வருடம் பழகிய இருவரின் வேலை அது. பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. நாங்கள் மெத்தையையும் தலையணையையும் பார்த்துக்கொண்டோம், யாரும் கேட்காமலே.

முடிந்த வேலையை மெத்தைக்காரியே கீழே சரக்கு வாசலுக்குக் கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும், குறை இருந்தால் அங்கேயே அவள் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். எங்களில் ஒருத்தி அந்த வாசலில் நின்று அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ரோஸ்கோவும் இன்னொருவனும் பெட்டியைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வர, வெர்லின் தலையில் பஞ்சோடு பின்னால் நடந்தாள். நாங்கள் படிக்கட்டில் நின்று பார்த்தோம்.

வாசலில் மிஸ்டர் பேட்டிலின் கறுப்பு வண்டி பின்கதவு திறந்து நின்றது. வெர்லின் மூடியைத் தூக்கினாள். சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது. அத்தனை கதிர்களும் ஒரே புள்ளியிலிருந்து விரிந்து ஓரத்தைத் தொட்டன. மிஸ்டர் பேட்டில் கையுறையைக் கழற்றினார். துணியைத் தொடாமல் அதன்மேல் கையை மிதக்கவிட்டார்.

"மதரோட மக கேப்பா" என்றார். "யார் செஞ்சதுன்னு சொல்லட்டும்?"

"மிசஸ் வெர்லின் மோப்லி, மெத்தைக்காரி."

தலையணையில் ஒட்டியிருந்த ஒரு நூலை அவள் எடுத்தாள். மூடியை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கி மூடினாள், பிடியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க மிஸ்டர் பேட்டில்" என்றாள்.